உத்தண்டிக்கு வர வேண்டிய முகம்

முதலில் கெடுத்தவன் வைரப்பன்தான். மற்றவர்களெல்லாம் பிறகு வந்து சேர்ந்துகொண்டவர்கள். இதில் உத்தண்டிக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

கோணம்பட்டி சாக்குத் தைப்போர் சங்கத்தில் மொத்தம் நாலு பேர். வைரப்பன் தலைவன். சோணைமுத்து செயலாளன், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் மற்ற வேலை எதுவும் செய்யாமல் நாற்காலி கொள்ளாத உடம்பை வளர்த்து வைத்திருந்தான். பூச்சியப்பன் உறுப்பினன், பக்கவாட்டில் திரும்பினால் எங்கே போனான் என்று தேட வேண்டும். நாலாவது ஆள் உத்தண்டி. அவருக்கு வயது அறுபத்திரண்டு, அவர் மீசைக்கு நாற்பத்தைந்து. வைரப்பனின் தங்கை குப்பாச்சியைக் கட்டியவர். ஆகவே வைரப்பனை வைய அவருக்கு இரட்டை உரிமை இருந்தது.

மூன்று வருசத்துக்கு முன்னால் சங்கத்துக்கு ஒரு போட்டோ எடுத்தார்கள். அன்றைக்கென்று வைரப்பன் அண்டா அளவுக்கு ஒரு தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு உத்தண்டிக்கு முன்னால் போய் நின்றான். போட்டோவில் மூன்று முகமும் ஒரு காதும் விழுந்தன. காது உத்தண்டியுடையது. வருகிறவன் போகிறவனெல்லாம், “அந்தக் காது யாருதுங்க?” என்று கேட்டான்.

மூன்று வருசம் உத்தண்டி விடவில்லை. கடைசியில் சங்கம் கூடி, உத்தண்டிக்கு ஒரு முகம் தர வேண்டியது என்று ஏகமனதாக முடிவு செய்தது. தை மாசம் சங்கத்தின் புதுக் கட்டடம் திறக்க யூனியன் ஆபீசர் வருகிறார். அன்றைக்குச் சுவரில் உத்தண்டியின் எண்ணெய் ஓவியம் தொங்கும். தீட்டப் போவது யார்? தலைவன்தான். தலைவன் இருக்கும்போது வேறு ஆள் தீட்டினால் மரியாதையாக இருக்காதாம்.

டவுனிலிருந்து ஒரு சித்திர வாத்தியார் வந்து, பெட்டி நிறைய வண்ணமும், தூரிகையும், பெரிய துணியும் கொடுத்தார். “புதுசாத் தொடங்குறவங்களுக்கு எல்லாம் இதுல இருக்கு. எழுதியிருக்கிறபடி அப்படியே செய்யுங்க” என்று ஒரு தாளையும் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அவர் புத்திசாலி.

சோணைமுத்து தாளைப் படித்தான். “துணியைச் சட்டத்தில் விறைப்பாக இழுத்து ஆணி அடிக்கவும்.”

துணியை விரித்துப் போட்டு, சுற்றி உட்கார்ந்து, எந்தப் பக்கம் முதலில் இழுப்பது என்று பேசினார்கள். பேச்சு முடிந்து பார்த்தால் துணி சாக்காக இருந்தது. நாற்பது வருசக் கை. துணியைக் கண்டால் மடித்துத் தைத்துவிடுகிறது.

“யாருடா தச்சது?” என்றான் வைரப்பன்.

“மூணு பக்கமும் மூணு பேரு தையலு. உங்க தையலு இந்தப் பக்கம்ணே” என்றான் பூச்சியப்பன்.

பிரித்தார்கள். மறுபடி பேசினார்கள். மறுபடி சாக்கு. மூன்றாவது தடவை, பேசி முடிக்கும்வரை ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டு, ஒருவழியாக ஆணி அடித்தார்கள்.

அடுத்த வரி: “கீழ்ப்பூச்சு மெலிசாகவும் மேல்பூச்சு கொழுப்பாகவும் இருக்க வேண்டும். மாறிப் போனால் நாளடைவில் வெடித்துவிடும்.”

எல்லாரும் பூச்சியப்பனைப் பார்த்தார்கள். பிறகு சோணைமுத்துவைப் பார்த்தார்கள்.

“ஏன் என்னைப் பாக்குறீங்க?” என்றான் பூச்சியப்பன்.

“மெலிசு கீழன்னு போட்டிருக்குடா. படு” என்றான் வைரப்பன்.

“கொழுப்பு முதல்ல படுத்தா என்னண்ணே?”

“வெடிச்சிரும்னு போட்டிருக்கு. சோணமுத்து வெடிச்சா ஊரு தாங்குமா?”

சட்டத்தைத் தரையில் போட்டு, மேலெல்லாம் வண்ணம் பூசிய பூச்சியப்பனைத் துணியின்மேல் குப்புறப் படுக்க வைத்து, அவன்மேல் சோணைமுத்துவை ஏற்றினார்கள். இரண்டு பேரையும் எடுத்தபோது துணியில் ஓர் உடம்பு அச்சாக விழுந்திருந்தது. பூச்சியப்பன் அதைவிடக் கொஞ்சம் தட்டையாக இருந்தான்.

“என் உடம்பு இவ்வளவு ஒல்லியா?” என்றார் உத்தண்டி.

“உடம்பை யாரு மாப்ள பாக்கப் போறா? உனக்கு வர வேண்டியது முகந்தானே? அது பாக்கி இருக்கு” என்றான் வைரப்பன்.

முகம் வந்து சேரட்டும், மீதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று உத்தண்டி நினைத்தார்.

அந்த உடம்புக்கு வைரப்பன் சட்டை தீட்ட ஆரம்பித்தான். “அவ்வப்போது பத்தடி பின்னால் தள்ளி நின்று பார்க்கவும்” என்று தாளில் இருந்தது. அறையோ எட்டடி. ஆகவே ஒவ்வொரு கோட்டுக்கும் வாசல் வழியாகத் தெருவுக்குப் போய், அங்கே நின்று சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

“எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டான் சோணைமுத்து.

“அங்கேருந்து படமே தெரியல. ஆனா ஒரு குத்தமும் சொல்ல முடியாது.”

அதற்கடுத்த வரியில்தான் வில்லங்கம் இருந்தது. “ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் இரண்டு நாள் நன்றாகக் காயப்போடவும்.”

“யாரைக் காயப்போடணும்னு எழுதலையே” என்றான் சோணைமுத்து.

“யாருக்காகப் படமோ அவரைத்தான். அதைக்கூடவா ஒரு வாத்தியார் எழுதுவாரு?” என்றான் பூச்சியப்பன். அவனுக்கு நெஞ்செலும்பு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. மேலே படுத்தவனையும் அதை வேடிக்கை பார்த்தவரையும் அவன் மறக்கவில்லை.

“மச்சான், சோறு தின்னா படத்துக்கு என்னய்யா ஆகும்?” என்று கேட்டார் உத்தண்டி.

“எனக்கென்ன தெரியும் மாப்ள? தாளுல இருக்கு. வேண்டாம்னா சொல்லு, காதே போதும்னு எழுதிக்கிர்றோம்.”

உத்தண்டி இரண்டு நாள் காய்ந்தார். அந்த இரண்டு நாளும் அவர் வீட்டுக்குப் போய்விடாதபடி மற்ற மூவரும் முறை வைத்துக் காவல் இருந்து, அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குப்பாச்சி அனுப்பிய கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்தது என்று அவரிடமே சொன்னார்கள்.

திறப்பு விழாக் காலையில்தான் முகத்துக்கு வந்தார்கள். “வண்ணத்தில் ஆளி எண்ணெய் சில சொட்டுச் சேர்க்கவும்” என்று படித்தான் சோணைமுத்து.

“ஆளி எண்ணெய்னா?”

“ஆளுக்குத் தேய்க்கிற எண்ணெய்.”

உத்தண்டியின் முகத்தில் அரைப்படி விளக்கெண்ணெய் இறங்கியது. மீசையில் ஏறிய எண்ணெய் வாய்க்குள் இறங்கியதும், இரண்டு நாள் பசியில் அதையும் அவர் சப்புக்கொட்டிக் குடித்தார்.

வைரப்பன் பெட்டியைக் குடைந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். “சிவப்பு இருக்கு, நீலம் இருக்கு, மஞ்சள் இருக்கு. உத்தண்டி நிறம் இல்லையேடா!”

“இருங்க, அதுக்கும் போட்டிருக்கு” என்றான் சோணைமுத்து. “எதிரில் இருக்கும் முகத்தை நன்றாகப் பார்த்து, அதை அப்படியே படத்தில் பொருத்தவும்.”

மூன்று பேரும் உத்தண்டியின் முகத்தைப் பார்த்தார்கள், துணியைப் பார்த்தார்கள். பிறகு வைரப்பன் சொன்னான்: “இவ்வளவு சுலபமா? இதை முதல்லேயே எழுதித் தொலைச்சிருக்கலாமே அந்த ஆளு!”

துணியில் முகம் வர வேண்டிய இடத்தை வட்டமாக வெட்டினார்கள். வெட்டிய ஓரம் பிரியாமல் சணல் போட்டுத் தைத்தார்கள். தையல் மட்டும் அருமையாக இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். படத்தைப் பின்பக்க ஜன்னலின்மேல் மாட்டினார்கள். உத்தண்டி வெளியே வெயிலில் ஒரு கவிழ்த்த உரல்மேல் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, முகத்தை ஓட்டையில் பொருத்தினார்.

“ஆடக் கூடாது மாப்ள. பேசக் கூடாது. பேசுற படத்தை எவனும் நம்ப மாட்டான்.”

யூனியன் ஆபீசர் வந்தார். நாடா வெட்டினார். படத்துக்கு முன்னால் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர், ஆனாலும் படித்தவர்.

“அடடா! என்ன உயிரு! இந்தக் கண்ணைப் பாருங்க, ஆளைக் கடிச்சுத் தின்கிற மாதிரியே பாக்குது. யாரு தீட்டினது?”

“நான்தானுங்க” என்றான் வைரப்பன். வெட்கப்படக்கூட இல்லை.

ஆபீசர் விரலால் கன்னத்தைத் தொட்டார். “எண்ணெய் இன்னும் காயலையே!”

“ரெண்டு நாளாக் காயப்போட்டும் அப்படித்தானுங்க இருக்கு.”

அந்த நேரம் பார்த்து ஆபீசருக்குக் கேசரி கொண்டுவந்தார்கள். நெய் மணம் படத்துக்கு ஏறியது. படத்தின் வாயோரம் ஒரு சொட்டு ஒழுகியது. ஆபீசர் அதையும் கைக்குட்டையால் துடைத்து, “இவ்வளவு நுணுக்கமா!” என்றார். கேசரியை முழுசாகத் தின்றுவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “எல்லாம் சரி. மீசைதான் முகத்துக்கு மீறிப் போச்சு. இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாத் தீட்டிட்டீங்க.”

“அய்யா சொன்னா திருத்திர வேண்டியதுதான்” என்று வைரப்பன் கத்தரிக்கோலை எடுத்தான்.

உத்தண்டியின் கண் உருண்டது. அசைந்தால் முகம் போகும். அசையாவிட்டால் மீசை போகும். மூன்று வருசம் காத்துக் கிடந்த முகம். அவர் அசையவில்லை. நாற்பத்தைந்து வருச மீசையில் இடது பாதி தரையில் விழுந்தது. ஆபீசர் கைதட்டி, கொண்டுவந்த சால்வையை எடுத்து வைரப்பனுக்குப் போர்த்தினார்.

ஜீப் கிளம்பியதும் உத்தண்டி சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே வந்தார்.

“மச்சான், எனக்கு முகம் தர்றதாத்தானே தீர்மானம்? இது ஏற்கெனவே என் முகந்தானேய்யா? நீ என்னத்தத் தந்த?”

“நியாயந்தான். ஆனா இப்ப அது ஆபீசர் திறந்து வச்ச முகம். சங்கத்துச் சொத்து. வீட்டுக்குக் கொண்டுபோக ஒனக்கு உரிமை இல்ல” என்றான் வைரப்பன்.

“அப்ப என் முகத்தை எப்படி இங்க விட்டுட்டுப் போறது?”

நாலு பேரும் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார்கள். பூச்சியப்பன்தான் கண்டுபிடித்தான்: “தலையில சாக்கைக் கவுத்துக்கிட்டுப் போனா, முகம் வெளிய போனதா ஆகாது.”

உத்தண்டியும் யோசித்துப் பார்த்தார். சட்டப்படி சரியாகத்தான் இருந்தது. புதுச் சாக்கு ஒன்றைத் தலையில் கவிழ்த்து, கழுத்தோடு சேர்த்து நாலு தையல் போட்டு அனுப்பினார்கள். தடவித் தடவி வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார்.

“யாரது?” என்றாள் குப்பாச்சி.

“நான்தான்டி.”

“மூஞ்சியக் காட்டுங்க.”

“சங்கத்துல இருக்கு. காலையில பத்து மணிக்குத் திறப்பாங்க. போய்ப் பாத்துக்க.”

மறுநாள் பத்து மணிக்குக் குப்பாச்சி போய்ப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள். “ஏங்க, மோசம் போச்சு! படத்துல வெறும் ஓட்டைதான் இருக்கு. உங்க மூஞ்சிய எவனோ களவாண்டுட்டான்!”

சாக்குக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. “எவனோ இல்ல. உங்கண்ணன்தான்.”

வைரப்பன் தன் பிள்ளைமேல் சத்தியம் செய்து மறுத்தான். பூட்டும் சாவியும் தன்னிடமே இருந்தன என்று வேறு சொன்னான். சோணைமுத்துவும் பூச்சியப்பனும் ஊர் முழுக்கத் தேடினார்கள். சந்தைக்கு வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி முகத்தைத் தடவிப் பார்த்தார்கள். இரண்டு முகம் சந்தேகத்துக்கு இடமாக இருந்தது. ஆனால் இரண்டுக்கும் மீசை முழுசாக இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

போன முகம் வந்து சேரும்வரை சாக்கைக் கழற்றுவதில்லை என்று உத்தண்டி உறுதியாக இருக்கிறார். இன்றைக்கும் அதை வைரப்பன்தான் தர வேண்டும். கஞ்சி குடிக்க மட்டும் குப்பாச்சி சாக்கில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கிறாள். அது வழியாக ஒரு வாயும் அரை மீசையும் தெரிகின்றன. பார்க்கிறவர்களெல்லாம், “இது யாருதுங்க?” என்று கேட்கிறார்கள்.

“தெரியல. முகம் கிடைச்சாத்தான் பொருத்திப் பாக்க முடியும்” என்கிறார் உத்தண்டி.