சால் விலகிய மாடு

"சாமி, எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு. நாளைக்கு முதல் பஸ்ல ஊருக்குக் கிளம்புறேன்."

சொன்னவர் ஞானாதிக்கம். வயது ஐம்பத்திநாலு. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, மனைவி தவறிய பிறகு, பாதிரியார் ஆகியே தீருவேன் என்று குருமடத்தில் சேர்ந்தவர். எதிரே லத்தீன் வாத்தியார் ஃபாதர் மரியநாயகம். அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை.

"என்ன ஆச்சு அண்ணே?"

ஆனது குருமடம் முழுக்கத் தெரியும். காலைப் பூசையில் எல்லோரும் கண்மூடி மௌனமாக இருந்த நேரத்தில், மனுஷன் "போலாம் ரைட்!" என்று கத்திவிட்டார். போதாததற்கு அன்றைக்குப் பிஷப் வேறு வந்திருந்தார்.

"ஜெபம் சொல்ல ஆரம்பிச்சா மனசு போய் பஸ் ஏறிடுது சாமி. எண்ணிப் பாத்தேன். ஒரு ஜெபமாலைக்குள்ள நாப்பத்தேழு தடவை."

கண்டக்டர் புத்தி, எண்ணாமல் விடுமா!

ஃபாதர் சாக்பீஸை எடுத்துப் பலகையில் ஒரு லத்தீன் வார்த்தை எழுதினார். தெலிராரே.

"என்ன அர்த்தம் சாமி?"

"பித்துப் பிடிச்சுப் பிதற்றுறது."

ஞானாதிக்கத்துக்கு முகம் செத்துவிட்டது. "அப்ப நீங்களும் அதையேதான் சொல்றீங்க."

"அது பின்னாடி வந்த அர்த்தம். முதல் அர்த்தம் நம்ம சூசைக்குத்தான் நல்லாத் தெரியும். வாங்க."

சூசை குருமடத்து வயலில் உழுதுகொண்டிருந்தார். லத்தீன் கறுப்பா சிவப்பா என்று அவருக்குத் தெரியாது.

"லத்தீன்காரங்களும் ஆதியில விவசாயிங்கதான் அண்ணே," என்றார் ஃபாதர். "லீரான்னா உழவு சால், ஏர் கீறிட்டுப் போற கோடு. ஏர் சாலை விட்டு விலகினா தெலிராரேன்னாங்க. அப்புறம்தான் மனுஷனையும் அப்படிச் சொன்னாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, இடப்பக்கத்து மாடு வரப்புப் புல்லைப் பார்த்துச் சாலை விட்டு இழுத்தது.

"ஐயையோ, விலகுது!" என்று பதறினார் ஞானாதிக்கம்.

"அது விலகும்ங்க," என்றார் சூசை, கயிற்றைச் சுண்டியபடி.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"அதை யாரு எண்ணுனா? எண்ணிக்கிட்டு நின்னா உழுறது யாரு?"

"அப்ப என்னதான் செய்வீங்க?"

"திருப்பிச் சால்ல விடுவேன். வேறென்ன? விலகிருச்சேன்னு மாட்டை அவுத்து வீட்டுக்கா அனுப்புவாங்க?"

ஞானாதிக்கம் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் கிடந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது.

"நாளைக்கு முதல் பஸ்ஸு?" என்று கேட்டார் ஃபாதர்.

"அது போகட்டும் சாமி."

எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். சூசையிடமிருந்து மேழியை வாங்கிக்கொண்டார். ஹை என்றார், ஹோ என்றார். புது ஆள் குரலுக்கு மாடு இரண்டும் அசையவே இல்லை.

ஞானாதிக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போலாம் ரைட்!"

மாடு நடந்தது.