அண்டாவுக்குள் எத்தனை உப்புக்கல்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் சொல்லாமல் விடும் ஒரு நாட்டில், ராஜாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அரண்மனை வைத்தியர் மருதப்பர் தினமும் ஓர் அண்டா வெந்நீரில் இந்துப்பைக் கரைத்து வைத்தார். ராஜ வைத்தியம் என்றால் அண்டாக் கணக்குத்தானே! ராஜா கொப்பளித்தார், துப்பினார். தொண்டை மட்டும் திறக்கவில்லை. சும்மா இருக்கிற வாய்க்கு யோசனை அதிகம்.

"இந்த அண்டாவில் எத்தனை உப்புக்கல் கரைந்திருக்கிறது?" என்று ஒருநாள் காலையில் கரகரத்தார்.

சபையில் வைத்தியருக்கு மட்டும் முகம் மலர்ந்தது. அரசவை விகடன் அம்பலவாணன் மேல் அவருக்கு வெகுநாளாகப் பொறாமை.

"மகாராஜா, எதற்கும் விடை சொல்லும் நம் விகடர் இதற்கும் சொல்லட்டும். ஆனால் உப்பை விரலாலும் தொடக் கூடாது. தவறினால் இன்று பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போகட்டும்."

ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

அம்பலவாணன் வீட்டில் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அவளை அழைத்துக்கொண்டு எந்த நாட்டுக்குப் போவான்? கண்ணுக்கே தெரியாததை எண்ணுவது எப்படி? அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தான். எண்ண முடியாவிட்டால் என்ன, நிறுக்கலாமே என்று சட்டென்று தோன்றியது.

"மகாராஜா, பொன் நிறுக்கும் தட்டார் தராசு ஒன்று வேண்டும். உப்பைத் தொடக் கூடாது என்ற கட்டளை எனக்குத்தான். ஆகவே நூறு உப்புக்கல்லை வைத்தியரே எண்ணித் தட்டில் போடட்டும்."

வேறு வழியில்லாமல் வைத்தியர் குனிந்து எண்ணினார். நூறு கல்லும் சேர்ந்து பத்துக் குன்றிமணி எடை இருந்தது.

அடுத்து, அண்டா நீரை நன்றாகக் கலக்கி ஒரு குவளை மொண்டு, எடை பார்த்து வைத்த செப்புத் தட்டில் ஊற்றி அடுப்பில் ஏற்றினான். தண்ணீர் ஆவியாய்ப் போயிற்று. உப்பு தட்டோடு ஒட்டி நின்றது. தட்டின் எடையைக் கழித்தால் மிஞ்சியது பத்துக் குன்றிமணி.

"குவளைக்கு நூறு கல், மகாராஜா. அண்டா கொள்வது நூறு குவளை. ஆக, பத்தாயிரம் கல். நான் உப்பைத் தொடவே இல்லை. தண்ணீரைத்தான் வழியனுப்பி வைத்தேன்."

"தப்பு! சுத்தத் தப்பு!" என்று துள்ளிக் குதித்தார் வைத்தியர். "காலையில் கஜானாவில் இரண்டாயிரம் குன்றிமணி எடை இந்துப்பு வாங்கியவனே நான்தான்! இவர் கணக்குப்படியே இருபதாயிரம் கல் வர வேண்டும். விகடர் தோற்றார்!"

நுணலும் தன் வாயால் கெடும்.

"அண்டாவில் இருப்பது இவ்வளவுதான், மகாராஜா. அண்டாவுக்கு வராத பத்தாயிரம் கல் எங்கே என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். பாதி உப்பில் தங்கள் தொண்டை எப்படித் திறக்கும்?"

காவலர்கள் ஓடினார்கள். வைத்தியர் வீட்டுப் பரணில் இந்துப்பு பொட்டலம் பொட்டலமாக அகப்பட்டது. தூர தேசத்திலிருந்து ஒட்டகத்தில் வரும் சரக்கு. சந்தையில் நல்ல விலை.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நீர் உப்பையே திருடினீர்!" என்றார் ராஜா. "விகடருக்கு நீர் குறித்த கெடுவை நீரே அனுபவியும். பொழுது சாய்வதற்குள் போய்விடும்!"

பிறகு அம்பலவாணன் பக்கம் திரும்பினார். "என்ன வேண்டும், கேள்."

"முதலில் ஒரு குவளை நல்ல தண்ணீர், மகாராஜா. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கட்டியிருந்த தொண்டையிலிருந்து சிரிப்பு கீச்சுக் கீச்சென்று வந்தது. தண்ணீர் தங்கக் குவளையில் வந்தது. குடித்து முடித்த அம்பலவாணன் அதைத் திருப்பி நீட்டினான்.

"குவளை உனக்குத்தான். வீட்டுக்குப் போ, உன் மனைவி காத்திருப்பாள்" என்றார் ராஜா.