ஆறுச்சாமி தேடிய வார்த்தை

மேம்பாலம் வந்ததும் கோயம்புத்தூரில் ஆறுச்சாமியின் கிரைண்டர் கடை பாலத்தடியில் மறைந்துபோனது. போகிற வருகிறவர் கண்ணில் கடை படுவதே இல்லை. இனி இணையத்தில் தேடுகிறவர்கள் வந்தால்தான் உண்டு. ஆவணி முகூர்த்தத்துச் சீர் வியாபாரமும் கைவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு மில் வேலைக்குப் போய்விடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார்.

மனுஷர் சும்மா இருந்திருக்கலாம். யாரோ சொன்னார்கள் என்று கடையின் வலைப்பக்கம் முழுக்க ‘கோவை கிரைண்டர், கோவை கிரைண்டர்’ என்று வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அடித்து நிரப்பினார். ஆளுக்குத் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. தேடுபொறி என்ன ஏமாளியா? பக்கத்தையே தூக்கிக் கடாசிவிட்டது.

அதற்குப் பிறகுதான் ரெஜினாவிடம் வந்தார். தேடலில் ஒரு பக்கத்தை நேர்வழியில் முன்னுக்குக் கொண்டுவரும் வித்தையைக் கற்றுக்கொடுப்பவள் அவள். அவர் மகள் வயசுதான் இருக்கும். கூச்சப்படாமல் டீச்சர் என்றே கூப்பிட்டார். பெரிய கம்பெனிகள் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிற ‘கோவை கிரைண்டர்’ என்ற அந்த வார்த்தையில் தானும் முதல் பக்கத்துக்கு வர வழி கேட்டார்.

அவள் வெள்ளை எழுத்தையெல்லாம் அழித்தாள். வழி எதுவும் சொல்லாமல், கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

பல்லடத்திலிருந்து ஒரு அம்மா போன் பண்ணினார். மோட்டார் ஓடுகிறதாம், கல் சுற்றவில்லையாம், அரிசி ஊறிக் கிடக்கிறதாம். ஆறுச்சாமி பொறுமையாக பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, அடித்தட்டைக் கழற்றச் சொல்லி, நழுவிய பெல்ட்டை அந்த அம்மாவையே மாட்ட வைத்தார். கல் சுற்றுகிற சத்தம் போனில் கேட்டதும் இவருக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

"இப்பப் பேசினதை அப்படியே உங்க வலைப்பக்கத்துல எழுதுங்கண்ணா" என்றாள் ரெஜினா.

"எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா, கடைக்கு எவனுங்க டீச்சர் வருவான்?"

"எழுதுங்க."

முனகிக்கொண்டேதான் எழுதினார். அடுத்து வந்த போன்களையும் எழுதினார். பக்கம் மெல்லத் தேடலில் தலைகாட்டியது. படித்துப் பார்த்துத் தங்கள் கிரைண்டரைத் தாங்களே சரிசெய்தவர்கள் அக்கம்பக்கத்தில் அவர் கடையைப் பற்றிச் சொன்னார்கள்.

ஆவணி பிறந்தது. மகளுக்குச் சீர் வைக்க உடுமலையிலிருந்து ஒரு குடும்பம் வண்டி கட்டி வந்தது. அடுத்த நாள் இன்னொரு குடும்பம். முகூர்த்தம் முடிவதற்குள் கடையில் இருந்த கிரைண்டரெல்லாம் தீர்ந்துபோனது. ஆறுச்சாமி கல்லாவில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். மனைவியையும் கூட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து ரெஜினாவைப் பார்க்கப் போனார்.

"நீங்க நல்லா இருக்கோணும் டீச்சர். மில்லுக்குப் போக இருந்தவனைக் கடையிலயே உட்கார வச்சுட்டீங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஆனா அந்தப் பெரிய வார்த்தையில இன்னும் என்னைக் காணோமுங்களே. இவங்கெல்லாம் எந்த வார்த்தையைப் போட்டுத் தேடி வந்தாங்க? சொல்லுங்க, போட்டிக்காரன் பிடிக்கறதுக்குள்ள நாம பிடிச்சுக்கலாம்."

தேடி வந்தவர்கள் போட்ட வார்த்தைகளைக் காட்டும் பக்கத்தை ரெஜினா திறந்தாள். திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"‘ஆறுச்சாமி அண்ணன் கடை’ன்னு போட்டிருக்காங்கண்ணா. இதுக்கு யாரு போட்டிக்கு வருவா?"