பீரோவுக்குப் போகாத பட்டம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. விடுதித் தோழி சொன்னது.

ஓசூரில் ஒரு கம்பெனியில் செம்மலருக்கு வேலை கிடைத்தது. முதலாளி கோதண்டராமன் பீரோவைத் திறந்தார்.

"டிகிரி ஒரிஜினலைக் கொடும்மா. மூணு வருஷம் இங்கேயே இருக்கட்டும். அப்பதான் பாதியில ஓட மாட்டீங்க."

செம்மலர் குழம்பினாள். வேலையும் வேண்டும்; வீட்டின் முதல் பட்டத்தை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை.

"பயப்படாதே, நாமெல்லாம் ஒரே குடும்பம்."

பக்கத்தில் மேனேஜராக அவர் மகன் உட்கார்ந்திருந்தான்.

"அப்போ மேனேஜர் சாரோட ஒரிஜினலும் இதுலதானே சார் இருக்கும்? அதுக்கு மேலயே என்னுதையும் வச்சிடுங்க."

"அவனுது வீட்டு லாக்கர்ல இருக்கு."

"ஏன் சார்?"

"இங்க வச்சுத் தொலைஞ்சா யார் பொறுப்பு?"

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. பீரோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நகல் போதும் என்றார்.

பிறகு விசாரித்தேன். செம்மலர் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். வேறு கம்பெனிக்குப் போனது மகன்தான்.