உடையாத தேன்குழல்

இந்தக் கதையைச் சொல்ல வாயெடுத்தாலே செண்பகவல்லிக்குப் பயம் வந்துவிடும், எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று. குருவை முதலில் சொல்வதா, தேன்குழலை முதலில் சொல்வதா? தேன்குழலை முதலில் சொன்னால் கேட்கிறவர்கள் பக்குவம் கேட்கிறார்கள். அப்புறம் கதை எங்கே நகரும்?

அதனால் குருவிலிருந்தே தொடங்கலாம்.

குருவின் பெயர் நஸ்ரின். வயது இருபத்தொன்று. செண்பகவல்லி வீட்டு மாடியில் பெற்றோரோடு குடியிருந்தாள். டிசைன் கல்லூரியில் கடைசி வருடம். குப்பை சேராமல் ஒரு பொருளைக் கட்டி அனுப்புவது எப்படி என்பது அவளுடைய புராஜெக்ட்.

சிஷ்யை செண்பகவல்லிக்கு நாற்பத்தொன்பது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். குப்பையைப் பற்றி அவளுக்கு அப்போது கவலையில்லை. அவள் கவலையெல்லாம் நாசிக்கில் இருந்தது.

மகள் சுபத்ராவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தாள். போன தீபாவளிக்குக் கூரியரில் அனுப்பிய தேன்குழல் மாவாகப் போய்ச் சேர்ந்தது. "உங்கம்மா உரல்ல இடிச்சு அனுப்பியிருக்காங்களா? எனக்கு இன்னும் பல்லு இருக்கும்மா" என்று மாமியார் சிரித்தாராம். மகளும் சிரித்துக்கொண்டேதான் போனில் சொன்னாள். பிறகு சற்று நேரம் பேசவில்லை. அந்தப் பேசாத நேரம்தான் செண்பகவல்லியின் தூக்கத்தைக் கெடுத்தது.

அடுத்த தீபாவளி நெருங்கியதும் மாடிப்படி ஏறினாள்.

"பாப்பா, எதுல கட்டினா உடையாது?"

அறை முழுக்கப் பாக்கு மட்டையும் வைக்கோலும் வாழைநாரும் கிடந்தன. நடுவில் தலை கலைந்து நஸ்ரின் உட்கார்ந்திருந்தாள்.

"தெரியல ஆன்ட்டி. அதைத்தான் நானும் தேடுறேன். கொஞ்சம் தேன்குழல் கொடுங்க, சேர்ந்து தேடலாம்."

"அப்போ இன்னையிலேர்ந்து நீ எனக்கு டீச்சர்."

"ஃபீஸ்?"

"அதான் தேன்குழல் கேட்டுட்டியே."

பெட்டி செய்வார்கள். தேன்குழலை வைப்பார்கள். மாடிப்படியிலிருந்து கீழே போடுவார்கள். போடுவது குரு. கண்ணை மூடிக்கொள்வது சிஷ்யை.

வெறும் பாக்கு மட்டையில் வைத்தது நொறுங்கிப்போனது. வைக்கோலில் வைத்தது நொறுங்கவில்லை. ஆனால் துளைக்குத் துளை தும்பு.

"சம்பந்தி வீட்டுக்கு அனுப்புறோமா, மாட்டுக்கா?" என்றாள் சிஷ்யை.

குரு தும்பை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அந்தத் தேன்குழலையும் தின்றாள்.

இப்படியே போனால் தீபாவளி வந்துவிடும் என்று சிஷ்யைக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு தானே கட்டினாள். பிளாஸ்டிக் கவர். அதற்கு மேல் குமிழ் குமிழாக வெடிக்குமே, அந்த உறை. சுற்றிலும் உதிர்த்த தெர்மாகோல். அதற்கு மேல் அட்டைப்பெட்டி. கை வலிக்கிற வரைக்கும் டேப்.

"இப்போ போடு டீச்சர்."

அன்றைக்குக் கண்ணை மூடவில்லை. பெட்டி ஒவ்வொரு படியிலும் முட்டி, வாசலில் நின்ற ஸ்கூட்டரில் மோதி நின்றது. ஓடிப்போய்க் காதருகே வைத்து ஆட்டினாள். சத்தமே இல்லை.

"ஜெயிச்சுட்டேன்!"

குரு கீழ்ப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"பசிக்குது ஆன்ட்டி. அதுல ஒண்ணு எடுத்துக் கொடுங்க."

சிஷ்யை நகத்தால் சுரண்டினாள். டேப்பின் நுனி எங்கே என்று தெரியவில்லை. பல்லால் கடித்தாள். சேலையில் குத்தியிருந்த ஊக்கால் கீறினாள். "சுபத்ரா வீட்டுல கத்தரிக்கோல் இருக்கும்" என்று முனகினாள். குரு கையை நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் பெட்டியை முழங்காலுக்கு நடுவே இடுக்கி, பல்லைக் கடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

உள்ளே இருந்த கவரும் சேர்ந்து கிழிய, பெட்டி வாயைப் பிளந்தது. எல்லாம் வாசலெங்கும் தெறித்தன. தேன்குழல் முழுசாக ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதுவும் வெள்ளை, தெர்மாகோலும் வெள்ளை.

குரு ஒரு துணுக்கைப் பொறுக்கி வாயில் போட்டாள். உடனே துப்பினாள்.

"இது தேன்குழல் இல்ல."

சிஷ்யைக்கு அழுகை முட்டியது. குருவோ கையிலிருந்த இன்னொரு வெள்ளை உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பை பொரி.

பாக்கு மட்டைப் பெட்டியில் பொரியைக் கொட்டினாள். நடுவில் தேன்குழலை அடுக்கி, மேலேயும் பக்கத்திலும் பொரியை இட்டு நிரப்பினாள். வாழைநாரால் கட்டி, முடிச்சின் ஒரு நுனியை வெளியே நீட்டிவிட்டாள். படியிலிருந்து போட்டாள்.

"இழுங்க ஆன்ட்டி."

சிஷ்யை இரண்டு விரலால் நுனியைத் தொட்டு இழுத்தாள். பெட்டி திறந்துகொண்டது. அவசர அவசரமாகப் பொரியை விலக்கினாள்.

"ஐயோ, ரெண்டு உடஞ்சிருக்கே!"

குரு அந்த இரண்டையும் எடுத்து இன்னும் நொறுக்கினாள். பொரியோடு பிசறி, ஒரு கை அள்ளி சிஷ்யையின் கையில் வைத்தாள்.

சிஷ்யை தின்றாள். இன்னொரு வாய் கேட்டு வாங்கியும் தின்றாள். ஆனாலும் மனசு அடங்கவில்லை.

"நாசிக் ரொம்ப தூரம் டீச்சர். எத்தனை பேர் தூக்கிப் போடுவாங்களோ. ஒண்ணுவிடாம எல்லாமே உடஞ்சுட்டா?"

குரு வாய் நிறையப் பொரியோடு சொன்னாள்:

"ஒரு வெங்காயம் நறுக்கிப் போடச் சொல்லுங்க."

சிஷ்யை கையில் ஒட்டியிருந்த பொரியைப் பார்த்தபடி வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் தானே பெட்டி கட்டினாள். கீழே பொரி, நடுவில் தேன்குழல், மேலே பொரி. நாரை முடியப் போகும்போது கை நின்றது. நாசிக் வெங்காயத்துக்குப் பேர்போன ஊர் என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அவசரத்துக்கு வீட்டில் இல்லாமல் போய்விட்டால்?

நாலு சின்ன வெங்காயத்தை வாழைச்சருகில் சுற்றி, ஒரு மூலையில் செருகிவிட்டு, அப்புறம்தான் முடிச்சைப் போட்டாள்.