வௌவாலுக்குத் திரை கட்டிய பூவாத்தா

ஒரு காலத்திலே வல்லிக்கோட்டைச் சீமையை முத்துவிசயன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் புத்தி ஓரிடத்தில் நிற்காது. காலையில் குளம் வெட்டச் சொல்வார், சாயங்காலம் தூர்க்கச் சொல்வார். பாவம், வெட்டினவன் மண்வெட்டியைக்கூடக் கழுவியிருக்க மாட்டான்!

அந்த அரண்மனையில் தினமும் பொழுது சாய விளக்கேற்றுகிறவள் பூவாத்தா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கோட்டைச் சுவரோரம் அரண்மனை கொடுத்த ஒரு குச்சுவீடுதான் அவளுக்கு எல்லாம். ஆனால் வாய் இருக்கிறதே, அப்பப்பா! விளக்கேற்ற வந்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லி ராஜாவை விழுந்து விழுந்து சிரிக்க வைத்துவிட்டுத்தான் போவாள். இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர் அரண்மனைக் காரியக்காரர் இம்முடியார். அவர் வாயைத் திறந்தால் ராஜாவுக்குக் கொட்டாவிதான் வரும்.

ஒருநாள், ராஜாவின் மகள் செங்கமலம் தலைப்பிரசவத்துக்கு வரப்போவதாக ஓலை வந்தது. அவளுக்காக ஒதுக்கிய அறையைத் திறந்தால், ஒரே வௌவால் நாற்றம்! கூரை இடுக்கெல்லாம் கூட்டம் கூட்டமாகத் தொங்குகின்றன. கட்டில் முழுக்கப் புழுக்கை.

"இதெல்லாம் எப்படி வந்தது?" என்று ராஜா கத்தினார்.

இம்முடியார் முந்திக்கொண்டார். "பிரபு, எல்லாம் அந்தப் பூவாத்தா பண்ணின வேலை. அறைக்கு வெளியே இரண்டு பெரிய விளக்கை வைக்கிறாள். விளக்குக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்கு வௌவால் வருகிறது. அவளை அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும்."

"அப்படியா சேதி! பூவாத்தா, நாற்பது நாள் தருகிறேன். மகள் வரும்போது இங்கே ஒரு வௌவால் இருக்கக் கூடாது. பிள்ளை பிறக்கப்போகிற வீடு, ஒரு சொட்டு ரத்தமும் சிந்தக் கூடாது. முடியவில்லையென்றால் குச்சுவீட்டைக் காலி பண்ணிவிட்டுக் கோட்டையை விட்டே போய்விடு!"

இந்த வயசில் பூவாத்தா எங்கே போவாள்? ஆனாலும், "ஆகட்டும் மகாராசா" என்றாள்.

மறுநாளே அந்த இரண்டு விளக்கையும் தூக்கிக்கொண்டுபோய், குளத்துக்கு அக்கரையில் பாழடைந்து கிடந்த யானைக் கொட்டிலில் வைத்தாள். அதற்கப்புறம் தினமும் அந்தி நேரத்தில் அறைக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பாள். கூரையோரம் இருந்த மூன்று ஓட்டை வழியாக வௌவால்கள் வெளியே போகும். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். பத்து நாள் போயிற்று, இருபது நாளும் போயிற்று. வேறொன்றும் செய்யக் காணோம்.

'இதுதான் சமயம், பேரை நாம் தட்டிக்கொள்வோம்' என்று இம்முடியார் ஒரு நாள் நடுப்பகலில் ஆள்விட்டு மூன்று ஓட்டையையும் களிமண்ணால் அடைத்துவிட்டார். புத்திசாலி! பகலில் வௌவால் எல்லாம் உள்ளேதானே இருக்கும்? அந்தி சாய்ந்ததும் வெளியே போக வழியில்லாமல், உள்பக்க விரிசல் வழியாக அத்தனையும் சபா மண்டபத்துக்குள் புகுந்துவிட்டன. ராஜா கிரீடத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிம்மாசனத்துக்கு அடியில் போய் ஒளிந்தார்.

"அடைத்தவன் எவன்டா? உடனே திறங்கடா!"

திறந்தார்கள். இம்முடியார் கையைப் பிசைந்துகொண்டு, "அவள் ஒன்றும் செய்யவில்லையே என்ற ஆதங்கத்தில் செய்துவிட்டேன் பிரபு" என்றார். ராஜாவின் கோபம் அப்படியே பூவாத்தா பக்கம் திரும்பியது.

"அவராவது ஏதோ பண்ணினார். நீ அண்ணாந்து பார்த்ததைத் தவிர என்ன பண்ணினாய்?"

"மகாராசா, அதுங்களை யாரும் விரட்ட வேணாம். அந்தியானா அதுங்களே வெளியே போகுது. திரும்பி உள்ளே வராம பார்த்துக்கிட்டாப் போதும்."

"அதை இன்றைக்கே செய்!"

"இன்னைக்கு முடியாதுங்க. குட்டி போட்டிருக்கு. குட்டிங்களுக்குப் பறக்கத் தெரியாது. தாயை வெளியே நிறுத்திட்டா உள்ளே அதுங்க பட்டினியில செத்துப்போகும்."

"வௌவால் குட்டிக்காக என் மகள் காத்திருக்க வேண்டுமோ?"

பூவாத்தா பின்வாங்கவில்லை. "உங்க மகளும் தாயாகத்தானே வர்றாங்க மகாராசா? பிள்ளையைத் தேடிக்கிட்டு ஒரு தாய் சுவத்துல மோதுற சத்தத்தையா அவங்க படுத்துக்கிட்டுக் கேக்கணும்?"

ராஜா, "மிச்ச நாளை எடுத்துக்கொள். ஒரு நாள்கூட அதிகம் கிடையாது" என்றார்.

முப்பத்தைந்தாம் நாள் அந்தியில், பெரிய வௌவால்களுக்குப் பின்னால் குட்டிகளும் தட்டுத்தடுமாறி வெளியே பறந்தன. பூவாத்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் பகலில் ஏணி போட்டு, ஒவ்வொரு ஓட்டைக்கும் முன்னால் கனத்த துணி ஒன்றைத் திரையாகக் கட்டினாள். மேலேயும் பக்கத்திலும் இழுத்துக் கட்டிவிட்டு, கீழே மட்டும் தொங்கலாக விட்டாள்.

அன்று அந்தியில் ராஜாவே நேரில் வந்து பார்த்தார். வௌவால்கள் துணிக்குள் இறங்கி, அடியால் நழுவி வெளியே பறந்தன. திரும்பி வந்தவை பழைய இடத்தில் துணியை முட்டிப் பார்த்தன. கீழேயிருந்து ஏறலாம் என்று ஒன்றுக்கும் தோன்றவில்லை. சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, கடைசியில் குளத்தைத் தாண்டி யானைக் கொட்டில் பக்கம் போயின.

"அங்கே போகச் சொல்லி யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார் ராஜா.

"காரியக்காரர் ஐயாதான். விளக்கு வெச்ச இடத்துக்குத்தான் வௌவால் வரும்னு அவர்தானே சொன்னாரு? அதான் முதல் நாளே விளக்கை அங்கே கொண்டுபோய் வெச்சுட்டேன்."

ராஜா சிரித்த சிரிப்பு அக்கரைக்கே கேட்டிருக்கும்.

நாலு அந்தி இப்படியே போனது. நாற்பதாம் நாள் காலையில் ஒரு சத்தமும் இல்லை. "ஒன்றாவது உள்ளே இருக்கும் பிரபு, நான் காட்டுகிறேன்" என்று இம்முடியார் தானே கூரைக்குள் ஏறினார். தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கி வந்து, "ஒன்றுமில்லை" என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்து, அறையைக் கழுவி முடிக்கவும், செங்கமலத்தின் பல்லக்கு வாசலில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

"என்ன வேண்டும், கேள் பூவாத்தா. பொன்னா, நிலமா?"

அத்தனை பேச்சுப் பேசுகிறவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என்னைப் போகச் சொல்ல மாட்டீங்கள்ல மகாராசா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. தன் புத்தி தனக்குத் தெரியாதா? உடனே ஒரு செப்பேடு எழுதச் சொல்லி, அதை இம்முடியாரையே சபையில் உரக்கப் படிக்க வைத்தார்.

"இந்தக் குச்சுவீடு பூவாத்தாவுக்கே சொந்தம். நாளைக்கு நானே வந்து கேட்டாலும், அவள் கொடுக்கக் கூடாது!"

சபையே சிரித்தது. பூவாத்தா வீட்டுக்கு ஓடிப்போய், மூட்டை கட்டி வைத்திருந்த சட்டிபானைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டே ஆசைதீர அழுதாள். அவள் அழுது முடிப்பதற்குள் அரண்மனையில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. இந்தக் கதையைக் கேட்டவர்கள் வீட்டிலும் நல்ல சத்தமாகவே கேட்கட்டும்.