நொட்டாங்கையன்

மலை இறங்கி ஊர் தொடங்கும் இடத்தில் ஒரு துப்பாக்கிக் கடை இருந்தது. கடை காசிம் ராவுத்தருடையது. மர அடுக்கில் துப்பாக்கிகள் வரிசையாக நிற்கும். ஆள் இல்லாதபோது பேசிக்கொள்ளும். ஆள் இருந்தாலும் பேசும். மனிதர் காதில்தான் ஏறாது.

அடுக்கின் மூலையில் ஒரு ரைஃபிள் நின்றது. நல்ல எஃகு. குழலில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் போல்ட் இடப்பக்கம். போல்ட் என்றால், ஒரு குண்டு வெடித்ததும் அடுத்ததை ஏற்ற இழுத்துத் தள்ளுகிற கைப்பிடி. மற்ற ரைஃபிள்களுக்கெல்லாம் அது வலப்பக்கம் இருந்தது. அதனால் இவனுக்கு நொட்டாங்கையன் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அந்தக் கைப்பிடி, பக்கத்தில் நின்ற இரட்டைக்குழல் கிழவரின் விலாவில் குத்திக்கொண்டே இருக்கும். தள்ளி நில்லுடா என்பார் அவர். தள்ளி நிற்க இடம் இருந்தால்தானே.

அன்று காலை ராவுத்தர் கொல்லனுக்குப் போன் போட்டார். மூலையில் கிடக்கும் ரைஃபிளை நாளைக்கு வந்து பிரித்துக்கொள், குழல் உனக்கு, கட்டை அடுப்புக்கு என்றார். இந்த ஊரில் நொட்டாங்கைக்காரன் ஒருத்தனும் கிடையாது, இத்தனை வருஷத்தில் ஒருத்தன் கேட்டு வந்ததில்லை என்றும் சொன்னார்.

நொட்டாங்கையன் கேட்டுக்கொண்டு நின்றான்.

"நல்லா எரியும்டா உன் கட்டை" என்றான் மினுக்கன். அவன் அடுக்கின் நடுவில் நிற்பவன். தினமும் எண்ணெய் பூசி வைத்திருப்பார் ராவுத்தர். யார் வந்தாலும் முதலில் அவனைத்தான் எடுத்துக் கொடுப்பார்.

நொட்டாங்கையனுக்குப் பயத்தில் எஃகு குளிர்ந்து போயிருந்தது.

வெயில் ஏறும் நேரத்தில் பெருமாயி வந்தாள். மரவள்ளிக் காட்டுக்காரி. காட்டுப்பன்றி சுட அனுமதி வாங்கியவள். இருந்த பழைய துப்பாக்கியை வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

ராவுத்தர் மினுக்கனை எடுத்தார். அவர் கடையில் ஒரு முறை உண்டு. துப்பாக்கியை வலக்கையால் கொடுப்பார். வாங்குகிறவர் வலக்கையால் வாங்கி, கண்ணில் ஒற்றி, அப்படியே வலத்தோளில் ஏற்றுவார். திருநீறானாலும் சரி, தாம்பூலமானாலும் சரி, அந்தப் பக்கத்து ஜனங்கள் இடக்கையை நீட்ட மாட்டார்கள். ஆயுதத்துக்கா நீட்டுவார்கள்?

பெருமாயி வலக்கையால் வாங்கினாள். கண்ணில் ஒற்றினாள். வலத்தோளில் ஏற்றினாள். குழல் நுனி காற்றில் புல் மாதிரி ஆடியது. புதுசு, அப்படித்தான் ஆடும் என்றார் ராவுத்தர். இருவரும் கொல்லைப்பக்கம் போனார்கள்.

கொல்லையில் மண்மேடு இருந்தது. அதன் அடியில் ராவுத்தர் ஒரு பழைய டயரை உருட்டிவிடுவார். நடுவில் கறுப்பு அட்டை கட்டியிருக்கும். அதுதான் பன்றி. எதிர்ச்சுவரில் முட்டுவதற்குள் அதில் இரண்டு குண்டு படவேண்டும்.

நொட்டாங்கையனுக்குக் கொல்லை தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

டயர் உருண்டது. துப்பாக்கி வெடித்தது. குண்டு மண்ணில்தான் விழுந்தது. டயர் போய்ச் சுவரில் முட்டிச் சாய்ந்தது.

மறுபடி உருண்டது. வெடித்தது. இந்த முறை அட்டை கிழிந்த சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஏதோ தடுமாறும் சத்தம், வளையல் இரும்பில் உரசும் சத்தம், நடுவில் மினுக்கனின் அலறல்: "குறுக்கே கை போடாதே, குறுக்கே கை போடாதே." ஒரு வெற்றிலையை மென்று துப்பிவிடலாம், அவ்வளவு நேரம். டயர் சுவரில் முட்டியது. அதற்கு அப்புறம்தான் இரண்டாவது குண்டு வெடித்தது.

நொட்டாங்கையனுக்குக் குழல் முழுக்கச் சிலிர்த்தது.

"பெரியவரே, தோள் மாத்திட்டா."

"என்னடா?"

"முதல்ல வலத்தோள். குறி தப்பிடுச்சு. ரெண்டாவது இடத்தோள். பட்டுது. ஆனா அவன் கைப்பிடி அந்தப் பக்கம் இருக்கு. கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இழுக்கிறா. பெரியவரே, அவ நொட்டாங்கை."

கிழவர் யோசித்தார். உளறாதே, வலக்கையால்தானே வாங்கினாள் என்றார்.

"கொடுத்ததே வலக்கையில. வேற எப்படி வாங்குவா?"

இருவரும் உள்ளே வந்தார்கள். பெருமாயி மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சூடான வெற்றுத் தோட்டா முகத்துக்குக் குறுக்கே பறந்திருக்கிறது. டயரை மட்டுமே பார்த்திருந்த ராவுத்தர், முதல் குண்டு பட்டுதே, பழகினால் வேகம் தானாக வந்துவிடும் என்று தேற்றினார்.

"பழகறதுக்குப் பன்னி காத்திருக்குமுங்களா பாய்?" என்றாள். "போன மழைக்கு இப்படித்தான். முதல் குண்டு பட்டுச்சு. ரெண்டாவதுக்கு என் கை எட்டறதுக்குள்ள எங்க ஊட்டுக்காரரு தொடையக் கிழிச்சுப் போட்டுது. இன்னும் கட்டிலைவிட்டு எறங்கல."

ராவுத்தர் மினுக்கனின் குழலைத் துடைத்தார்.

"சரி, இதையே குடுங்க. எல்லாம் ஒரே மாதிரித்தான இருக்குது."

அவர் சாக்குத்துணியை விரித்து மினுக்கனைச் சுற்ற ஆரம்பித்தார்.

"பெரியவரே, என்னைத் தள்ளுங்க" என்றான் நொட்டாங்கையன்.

"பைத்தியமா? சிமெண்டுத் தரை. கட்டை பிளந்துடும்."

"நாளைக்கு எப்படியும் அடுப்புத்தான்."

"அவ பிடிக்கலேன்னா?"

"தள்ளுங்க பெரியவரே. சணல் கட்டுறார்."

கிழவர் இத்தனை வருஷம் விலாவில் வாங்கிய குத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே இடி இடித்தார்.

அடுக்கு கிடுகிடுத்தது. நொட்டாங்கையன் மூலையிலிருந்து கிளம்பினான். குழல் சாய்ந்தது, கூரை சுழன்றது, தரை வேகமாக மேலே வந்தது. முடிந்தது என்று நினைத்தான்.

தரை வரவில்லை. ஒரு கை வந்தது.

யாரும் கொடுக்கவில்லை, யாரும் வாங்கவில்லை. விழுந்ததைப் பிடித்தாள், அவ்வளவுதான். யோசிக்க நேரமில்லாத கை. அது இடக்கை.

விரல்கள் கழுத்தைச் சுற்றின. உள்ளங்கை கைப்பிடிமேல் உட்கார்ந்தது. இந்தக் கடைக்கு வந்ததிலிருந்து யாரும் தொடாத இடம்.

"இதென்னங்க பாய், கைப்பிடி இந்தப் பக்கம் இருக்குது?"

அது எவனோ வெள்ளைக்காரத் துரை தோட்டத்திலிருந்து வந்த கோணல் சாமான், நாளைக்குக் கொல்லன் கொண்டுபோகிறான், கீழே வையம்மா என்றார் ராவுத்தர். சொல்லி முடிப்பதற்குள் அவள் போல்ட்டை இழுத்துத் தள்ளிப் பார்த்துவிட்டாள். க்ளக், க்ளக். இன்னொரு தரம். க்ளக், க்ளக். அவள் முகம் மாறியது.

"டயரை உருட்டுங்க பாய்."

"அம்மா, அது—"

"உருட்டுங்கன்னா."

கொல்லைக்குப் போய், அவள் குண்டு ஏற்றியதும் உருட்டினார்.

நொட்டாங்கையன் முதல்முறையாகக் கொல்லையைப் பார்த்தான். மண்மேடு, வெயில், குதித்துக்கொண்டு ஓடும் கறுப்பு அட்டை. அவள் கன்னம் கட்டையில் வந்து ஒட்டியது, அச்சில் வார்த்த மாதிரி. வெடித்தான். அட்டை கிழிந்தது. கன்னம் அசையவில்லை. கை இருந்த இடத்திலிருந்தே இழுத்தது, தள்ளியது. வெற்றுத் தோட்டா அந்தப் பக்கமாகப் பறந்தது. வெடித்தான். அட்டை இரண்டாகப் பிளந்தது. டயர் பாதி தூரம்கூடப் போகவில்லை. போகிற போக்கில் மூன்றாவதும் வெடித்தான், சும்மா, சந்தோஷத்தில்.

டயர் சுவரை எட்டாமலே கவிழ்ந்தது.

பெருமாயி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எந்தக் கையால் என்று அவள் பார்க்கவில்லை.

ராவுத்தர் டயரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "எத்தனை நாளாம்மா உனக்கு நொட்டாங்கை?"

"பொறந்ததுல இருந்து."

"முதல்லயே சொல்லறதுக்கென்ன?"

"பெரியவங்க நீங்க சோத்துக்கையில நீட்டறீங்க. நான் எப்படிங்க இந்தக் கைய நீட்டறது?"

ராவுத்தர் இந்த வாசலில் இத்தனை வருஷம் வந்துபோன கைகளையெல்லாம் நினைத்துப் பார்ப்பவர் மாதிரி நின்றார். பிறகு போய்ச் சாக்கை அவிழ்த்து மினுக்கனை அடுக்கில் வைத்தார். மினுக்கன் ஏதோ சொல்ல வந்தான். கிழவர் அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

பெருமாயி நொட்டாங்கையனைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டபோது ஒரு ஆள் படியேறி வந்தார். காப்பித் தோட்டத்துக் காவல்காரர். முறுக்கு மீசை. போன வருஷம் இங்கே வாங்கிய துப்பாக்கியில் குறி நிற்கவே இல்லை, வேறு காட்டுங்கள் என்று சத்தம் போட்டார்.

ராவுத்தர் இரட்டைக்குழல் கிழவரை எடுத்தார். கிழவருக்கு போல்ட்டும் கிடையாது, பக்கமும் கிடையாது. பழக்கத்தில் வலக்கையால் நீட்டப்போனவர் பாதியில் நிறுத்தினார். துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்களே எடுத்துக்குங்க" என்றார்.

காவல்காரர் அவரைப் பார்த்தார். வாசலில் நின்ற பெருமாயியைப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

பிறகு அவருடைய இடக்கை, திருட்டுப் பூனை மாதிரி, மெல்ல மேசைமேல் ஏறியது.